உயரமான பெண்ணுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

சிவமயம்

காஞ்சிபுரம்
14.07.2025

சங்கீதாவுக்கு அப்பா எழுதுவது.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். ஆனாலும் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நடந்ததை வரிசையாக எழுதினால் எனக்கே தெளிவாகும் என்று நினைக்கிறேன். வரிசை தவறினாலும் தவறலாம். நேற்றிலிருந்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நேற்று காலை மாத்திரை வாங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். ஒரு சுவரில் புதிதாகச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பெரிதாகக் 'கண்ணீர் அஞ்சலி'. யாரோ பாவம், தெரிந்தவராக இருக்கப்போகிறது என்று கிட்டே போனேன். ஐந்தாறு முகங்கள். கடைசி முகம் நீ.

'மலைக்காட்டில் அகால மரணமடைந்த எங்கள் அன்புச் செல்வங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. விடைத்தாளில் கூட்டல் உதைத்தால் மறுபடி முதலிலிருந்து கூட்டுவேன் அல்லவா, அப்படி மேலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மறுபடியும் கடைசி முகம் நீதான்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகமில்லை. அம்மா தறியில் இருந்தாள். "மாத்திர கெடைக்கலயா?" என்றாள். "கெடைக்கல" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. தோட்டத்துப் பக்கம் போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அது சரியா தவறா என்று இன்னும் தெரியவில்லை. அதற்குள் உன் கங்கையம்மாள் அத்தை தெரு முனையிலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஆகாசத்த அளக்கற மாரி வளந்தியே, என் கண்ணு! எமனே அண்ணாந்து பாத்துக் கூட்டிக்கினு பூட்டானே!"

"யாருக்கு இன்னா ஆச்சு அண்ணி?" என்று கேட்டாளாம் உன் அம்மா. யாருக்கென்று தெரிந்ததும் தறிக்குழிக்குள்ளேயே சரிந்துவிட்டாள். நாலு பேர் சேர்ந்து தூக்கினோம்.

பிறகு வீடு நிறைந்துவிட்டது. மாலைகள் வந்தன. அத்தை மகன் கதிர்வேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, ஐஸ் பொட்டி சொல்லிட்டன். நீளமா இருக்கறதா பாத்து அனுப்புன்னு சொல்லிகீறன். பாடி எப்ப வரும்?" என்றான். நான் அதற்கும் "சரி, சரி" என்றேன்.

நம் தெருக்கோடி ஜான் பாஷாதான் நல்ல காலமாக அந்தச் சுவரொட்டியைச் சுவரிலிருந்து உரித்து எடுத்துவந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று போட்டிருப்பார்கள், வண்டி பேசலாம் என்று அவர் எண்ணம். ஜரிகை பார்க்கிற கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அடிவரியைப் படித்தார்.

"வாத்தியாரே, இன்னாபா இது? 'ஆகஸ்ட் 29 முதல்'னு போட்டுகீது. சாவுக்கு யாராச்சும் ரிலீஸ் தேதி போடுவானா?"

அதற்குக் கீழே ஜரிகை இழை கனத்தில் ஒரு வரி: 'பெருங்காலன். காட்டுக்குப் போனவர்கள் திரும்புவதில்லை.'

சினிமா விளம்பரம்! அந்த நேரம் பார்த்து ஐஸ் பெட்டியும் வந்து வாசலில் இறங்கியது. "அப்ப நான் அழுததுக்கு இன்னா மரியாத?" என்று அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "பொய்ச்சாவு வந்தா ஆயுசு கெட்டிம்மா" என்று ஜான் பாஷா சமாதானம் சொல்லி எல்லாரையும் அனுப்பினார். கதிர்வேல் எங்கெங்கோ போன் செய்ததில், "மேடம் ஷாட்ல இருக்காங்க" என்று யாரோ சொல்லி, மலை முகவரியும் கொடுத்தார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் உன் அம்மா தண்ணீர் குடித்தாள்.

இரண்டு வருஷமாக நீ அம்மாவோடு மட்டும் பேசுகிறாய். நான் குறுக்கே வருவதில்லை. சென்னையில் கம்பெனி வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். இது என்ன படம்? பெருங்காலன் என்றால் யார்? உன்னை எப்படிக் கொல்கிறார்கள்? ஊரார் கேட்கும்போது நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

உன் கையெழுத்தில் பதில் வேண்டும். போனில் நான் எதையும் உருப்படியாகப் பேசமாட்டேன் என்று உனக்கே தெரியும்.

அப்பா


ஜவ்வாது மலை
20.07.2025

அப்பா,

உயிரோடுதான் இருக்கிறேன். அம்மாவிடம் நேற்று கீழே ஊருக்கு இறங்கிப் போய் போனில் பேசினேன். அழுதுகொண்டே திட்டினாள். திட்டினது நிம்மதியாக இருந்தது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் போஸ்டர் விஷயம் எனக்குத் தெரியாது. படத்தில் செத்துப்போகிறவர்கள் ஐந்து பேர். ஆறாவது முகம் இருந்தால் போஸ்டர் நிறைவாக இருக்கும் என்று விளம்பரம் பண்ணுகிற பையன்கள் என் ஆபீஸ் கார்டு போட்டோவை எடுத்து ஒட்டிவிட்டார்கள். டைரக்டரிடம் சத்தம் போட்டேன். ஐஸ் பெட்டி வந்ததைச் சொன்னதும் அந்தப் பையன்களைக் கூப்பிட்டு அவரும் சத்தம் போட்டார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். என்னை யாரும் கொல்லவில்லை அப்பா. நான்தான் கொல்கிறேன்.

பெருங்காலன் என்பது ஒரு மிருகம். கரடி மாதிரி உடம்பு முழுக்க ரோமம், மனிதன் மாதிரி இரண்டு காலில் நடக்கும், குரங்கு மாதிரி முகம். காட்டுக்கு டென்ட் போட வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கொல்லும். அந்த உடைக்குள் இருப்பது நான். தலையை மாட்டினால் ஏழடி. கண்ணுக்கு ஓட்டை அதன் வாயில் இருக்கிறது. வாய் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறேன்.

கம்பெனி வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. இந்தப் படத்தை எடுத்து முடித்துவிட்டு, இப்போது இங்கேயே இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். முதலில் ஸ்டன்ட் ஆட்கள் நாலைந்து பேரை அந்த உடைக்குள் நடக்கவிட்டுப் பார்த்தார்களாம். என் அறைத்தோழி அங்கே உடை தைக்கிறவள். அவள் இழுத்துக்கொண்டு போய் என்னை நிறுத்தினாள். டைரக்டர் சொன்னார்: "ஆம்பளைங்க நடந்தா ஆள் வேஷம் போட்டுக்கினு வர்ற மாதிரி இருக்குது. நீ நடந்தா நெஜமாவே ஏதோ வருதும்மா." நான் நடப்பதைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நம் வீட்டில் எப்படி என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முசரவாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்களே. அவர்கள் வருவதற்கு முன்பே என்னை முக்காலியில் உட்காரவைத்து, அவர்கள் போகிறவரை எழுந்திருக்கக் கூடாது என்றீர்கள். ஐந்தடி பதினொன்று என்பதை ஜாதகத்தாளில் ஐந்தடி ஐந்து என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் கேட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். காபியை அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். நான் உட்கார்ந்திருந்தேன். "ஏம்பா, பொண்ணுக்குக் கால் வராதா?" என்று அவர் உங்களைத்தான் கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கொஞ்சம் வலி" என்றீர்கள்.

அப்போதுதான் எழுந்தேன். அந்தப் பையன் அண்ணாந்து பார்த்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படத்தின் முடிவில் 'பெருங்காலனாக' என்று போட்டு என் பெயர் தனியாக வரும். டைரக்டர் எப்படிப் போடட்டும் என்றார். ம. சங்கீதா என்று கொடுத்திருக்கிறேன். உங்கள் எழுத்தோடு. ஊரில் யார் கேட்டாலும் என் பொண்ணுதான் அந்த மிருகம் என்று சொல்லுங்கள். செத்தவள் என்று சொல்லிவிடாதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சங்கீதா


சிவமயம்

காஞ்சிபுரம்
28.07.2025

சங்கீதாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். மனிதரைக் கொல்கிற மிருகம். அதற்குள் நீ. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவோ, "உள்ள காத்து வருமான்னு கேட்டு எழுதுங்க" என்கிறாள். வருமா? அந்த உடையைத் துவைப்பார்களா? வேர்வையோடு கழற்றி உடனே குளிக்காதே.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. முசரவாக்கத்தார் வந்த அன்று நான் சொன்னது பொய் என்று எனக்கும் தெரியும். அந்த அம்மாள் அப்படித் திடீரென்று கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அது போகட்டும்.

இப்போது நடந்திருப்பது வேறு. உன் கடிதம் வருவதற்கு முன்பே கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிவிட்டேன். சுவரொட்டியில் செத்தவர்கள் வரிசையில்தானே உன் முகம் இருந்தது? மிருகத்திடம் சிக்கிச் சாகிற பெண்ணாக நடிக்கிறாள் என்றேன். ஊரார் அதை நல்லவிதமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். தெருவில் என்னைப் பார்க்கிற பெண்கள் "பாவம், கொழந்தைய எப்டிக் கொல்றானோ" என்று பரிதாபப்படுகிறார்கள். உன் அத்தைகூட, "நான் அழுதது வீணாப் போவல, படத்துலயாச்சும் சாவுறாளே" என்று ஆறிவிட்டாள். சாகிற பெண் என்றால் எல்லாருக்கும் ஓர் இரக்கம் இருக்கிறது. கொல்கிற பெண் என்றால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. எப்படி எழுதுவது என்று யோசித்து யோசித்து இந்தப் பத்தியை மூன்று தடவை அடித்துவிட்டேன். செவிலிமேட்டில் தனசேகரன் என்று ஒரு பையன். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. அவனுடைய அம்மா அந்தச் சுவரொட்டியில் உன் முகத்தைப் பார்த்து, "இவ்ளோ லட்சணமா இருக்குதே, சின்ன வயசுல பூட்டுதே" என்று வருத்தப்பட்டாராம். சாகவில்லை என்று தெரிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்திருக்கிறார். ஆடி கழியட்டும், ஆவணி பிறந்ததும் வீட்டுக்கு வருகிறோம் என்கிறார்கள். படத்தில் முகம் மட்டும்தான் இருக்கிறது. உயரத்தை அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நீ எதையும் மறைக்க வேண்டாம். உன் பெயர் திரையில் வரட்டும். சங்கீதா என்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முன்னால் இருக்கிற அந்த ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட முடியுமா என்று டைரக்டரைக் கேட்டுப் பார். அதுவும் ஆவணி முடிகிற வரைக்கும்தான். நான் கேட்பது தவறாகவும் இருக்கலாம். யோசித்து எழுது.

அப்பா


ஜவ்வாது மலை
03.08.2025

அப்பா,

மறுபடியும் உட்காரச் சொல்கிறீர்கள்.

யோசித்து எழுதச் சொன்னீர்கள். யோசிக்க ஒன்றுமில்லை. இன்று காலையிலேயே டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். வெறும் சங்கீதா. ஓர் எழுத்தை எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உங்கள் பெயர் இனி இதில் எங்கேயும் இல்லை. பயப்படாமல் தெருவில் நடக்கலாம்.

செவிலிமேட்டுக்காரர்களை வரச் சொல்லாதீர்கள். வந்தால் முக்காலிதான் இருக்கும். உட்கார நான் இருக்க மாட்டேன். ஆவணிக்கும் வர மாட்டேன், தீபாவளிக்கும் வர மாட்டேன். அம்மாவைப் பார்க்கத் தோன்றினால் அவளை இங்கே வரவழைத்துக்கொள்வேன்.

உள்ளே காற்று வராது. கழற்றினதும் விசிறி பிடிக்க ஒரு அக்கா இருக்கிறார். அம்மாவிடம் சொல்லுங்கள்.

படத்துக்குப் போகாதீர்கள். உங்களுக்குத் தாங்காது.

சங்கீதா


சிவமயம்

காஞ்சிபுரம்
18.08.2025

சங்கீதாவுக்கு,

சென்ற வாரம் ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அதில் நான் எழுதியது உனக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். என்ன எழுதினேன் என்று இப்போது எனக்கே சரியாக நினைவில்லை. விளக்கம் சொல்லப்போய் இன்னும் கெடுத்திருப்பேன்.

நேற்று ஆவணி பிறந்தது. தனசேகரன் வீட்டில் முதல் நாளே எல்லாருமாகப் படம் பார்க்கப் போகிறார்களாம். பெண் எப்படிச் சாகிறாள் என்று பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு வருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

அப்பா


சிவமயம்

காஞ்சிபுரம்
30.08.2025

சங்கீதா,

நேற்று படத்துக்குப் போனேன். நீ போகாதே என்றாய், போனேன். அங்கே நடந்ததை வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

காலைக் காட்சி. துணைக்கு ஜான் பாஷா வந்தார். உன் அம்மா வரவில்லை. "எம் பொண்ணு மூச்சு முட்டறத நான் பாக்க மாட்டன்" என்றுவிட்டாள். தியேட்டரில் நான் கல்லூரிக்காலத்துக்குப் பிறகு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. திட்டம் போட்டுக்கொண்டுதான் போனேன். பின்வரிசையில் உட்காருவது, பார்ப்பது, யாரிடமும் எதுவும் பேசாமல் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவது. எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் தனசேகரன் வீட்டார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

முதல் சாவு வந்தபோதே ஜான் பாஷாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன். அவர்தான் காதோடு சொல்லிக்கொண்டிருந்தார். "இப்ப தொறக்காத. கைய பிச்சிக்கினு கீது. இன்னும் தொறக்காத. சரி, இப்ப தொற, வெறும் மரம்தான்." இப்படி மரங்களாகவே பார்த்துக்கொண்டு இடைவேளை வரை வந்துவிட்டேன்.

இடைவேளைக்குப் பிறகு அந்த மிருகம் ஒரு குழிக்குள்ளிருந்து எழுந்து வருகிறது. கண்ணைத் திறந்துதான் இருந்தேன். முதலில் இடது முழங்கையைக் கரையில் ஊன்றியது. பிறகு ஒரு பக்கமாகத் திரும்பி, வலது முழங்காலை மேலே போட்டு, கடைசியில் தலையைத் தூக்கியது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் நீ தறிக்குழியிலிருந்து இப்படித்தான் ஏறி வருவாய். அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பயம் போய்விட்டது. அதாவது, அந்த மிருகத்தைப் பார்த்து வந்த பயம். நீ இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ அந்தக் காட்டில் எவ்வளவு அழகாக நிமிர்ந்து நிற்கிறாய் என்று, இதை எழுதலாமா தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

முடிவில் உன்னைச் சுடுவார்கள் என்று நீ ஏன் எனக்கு எழுதவில்லை?

நீ கொல்கிறாய் என்றுதான் எழுதினாய். சாவது வேறு ஐந்து பேர் என்றாய். நான் அதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கியோடு பத்துப் பேர் உன்னைப் பாறை விளிம்புக்குத் துரத்திக்கொண்டு போகிறார்கள். தியேட்டர் முழுக்க விசில். "வுடாத, சுடு, சுடு!" என்று எனக்கு முன்னால் இருந்த பையன் நாற்காலி மேல் ஏறிக் கத்துகிறான். முதல் குண்டு உன் தோளில் பட்டது. நீ கையைத் தூக்கினாய்.

நான் எழுந்துவிட்டேன் சங்கீதா. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "சுடாதீங்கப்பா! எம் பொண்ணு அது! எம் பொண்ணுப்பா!" என்று கத்தியிருக்கிறேன். என் குரல்தான் அது என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நாற்பது வருஷம் வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, "உக்காருபா பெருசு, மறைக்குது!" என்றார்கள். ஜான் பாஷா சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. அதற்குள் நீ விளிம்பிலிருந்து விழுந்துவிட்டாய். அவ்வளவு உயரத்திலிருந்து, பாறையில் முட்டி, புரண்டு, கீழே தண்ணீரில்.

விளக்கைப் போட்டார்கள். பெயர்கள் ஓடின. நான் நின்றபடியே பார்த்தேன். 'பெருங்காலனாக' என்று வந்தது. அடுத்து வெறும் சங்கீதா. நான்தான் எடுக்கச் சொன்னேன். ஆனாலும் அப்படித் தனியாக அதைப் பார்த்தபோது யாருமில்லாத பெண் மாதிரி இருந்தது.

தனசேகரனின் அப்பா திரும்பி வந்து, "இன்னாங்க, உங்க பொண்ணு சாவுற பொண்ணுன்னு சொன்னீங்களே?" என்றார்.

"இல்லீங்க. கொல்றது" என்றேன். அவர் முகம் போன போக்கில் எனக்கு வழக்கமான நடுக்கம் வந்துவிட்டது. நடுங்கிக்கொண்டே, "ஐந்தடி பதினொன்று" என்றும் சொன்னேன். அதை அவர் கேட்கவேயில்லை. குடும்பத்தை அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவார்கள் என்று தோன்றவில்லை. வராவிட்டால் உன் அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேற்று மாலையிலிருந்து என்னோடு பேசுகிறாள்.

வெளியே வந்தால் சனம் சூழ்ந்துகொண்டது. என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "நெஜமாவே உங்க பொண்ணா? எந்தத் தெரு? வூட்லயும் இப்டித்தான் ஒறுமுவாளா?" என்று கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்தால் உன் அத்தை வாசலிலேயே நிற்கிறாள். "நான் அழுதவ இருக்க, எனக்கு மொதல்ல சொல்லாம தியேட்டருக்கு சொன்னியா?" என்று இன்றும் அதே சண்டை. உன் பெயருக்கு முன்னால் எழுத்தைச் சேர்க்கச் சொல்லி நீ இனி டைரக்டரிடம் நிற்க வேண்டாம். இந்த ஊரில் அது தேவைப்படாது. மற்ற ஊர்களுக்குச் சேர்க்க முடிந்தால் சேர்க்கச் சொல்.

கூட்டம் கலைந்த பிறகு செல்லியம்மாள் என்று ஒரு பெண்மணி, தியேட்டரைப் பெருக்குகிறவர், துடைப்பத்தோடு வந்து என் எதிரில் நின்றார். "அய்யா, அவ்ளோ மேலேர்ந்து வுழுந்துதே அந்தப் பொண்ணு. அடி பட்டுச்சா?" என்றார்.

"சினிமாதானம்மா. அதுக்கெல்லாம் டூப்பு வெச்சிருப்பாங்க" என்றேன், ஏதோ தெரிந்தவனைப் போல.

ஜான் பாஷா சட்டென்று என் கையைப் பிடித்தார். "வாத்தியாரே, உள்ள இருக்கற டூப்பே அவதானபா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாறை, அந்தப் புரளல், அந்தத் தண்ணீர். எல்லாம் நீ. எந்த மாதம் அது? நாங்கள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தோம்? யார் உன்னைத் தூக்கினார்கள்?

இதை முடித்துத் தபாலில் போட்டுவிட்டு, நானும் அம்மாவும் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம். கடிதம் முந்துமோ நாங்கள் முந்துவோமோ தெரியாது. நீ வர மாட்டேன் என்றாய். நாங்கள் வர மாட்டோம் என்று சொல்லவில்லை. கடிதம் முந்தினால், எங்கே பட்டது, எவ்வளவு பட்டது என்று ஒரு வரி அம்மாவுக்குப் போனில் சொல். பொய் சொல்லாமல் சொல்.

அப்பா